கறிமீன் போகும் வீடு

யோகலிங்கம்: ...அப்ப, குசினியிலை கிடக்கிற பாரை மீன் சந்தையிலை வாங்கினது எண்டுறியள்.

குணேஸ்வரி: சந்தையிலைதான்.

யோகலிங்கம்: நான் சந்தைப் பக்கத்தாலைதான் வந்தனான் அம்மா. அங்கை சூடை, கீரி எண்ட சின்ன மீனைத் தவிர ஒண்டுமில்லை. இது செவுள் இன்னும் சிவப்பாக் கிடக்கு.

குணேஸ்வரி: நீங்கள் கோட்டாலை வந்த கணக்கரோ, மீன் யாவாரியோ?

யோகலிங்கம்: இப்ப ரெண்டும்தான். உங்கடை மனிசன் சோமசேகரத்தார் கடன் கட்ட ஏலாத வங்குரோத்து எண்டு கோட்டிலை நீதிபதி சொன்ன நாளிலையிருந்து, அவர் ஒளிச்ச சொத்தைத் தேடிப் பிடிக்கிறதுதான் என்ரை வேலை. அவரின்ரை கந்தோர்க் கணக்குப் புத்தகம் எல்லாம் பாத்தாச்சு. எல்லாம் துடைச்சு வைச்சமாதிரிக் கிடக்கு. அதாலைதான் மீனைப் பாக்கிறன்.

குணேஸ்வரி: பாருங்கோ.

யோகலிங்கம்: ஒரு தேத்தண்ணி தந்தா இன்னும் வடிவாப் பாப்பன்.

குணேஸ்வரி: அடுப்பு மூட்டேல்லை, தம்பி.

யோகலிங்கம்: வெயில் முத்தத்துக்கு வந்திட்டுது... இன்னுமோ?

குணேஸ்வரி: இண்டைக்கு மூட்டேல்லை. விரதம்.

யோகலிங்கம்: விரத வீட்டிலை பாரை மீனோ! நல்ல விரதம்.

குணேஸ்வரி: தம்பி... பகிடி கேக்க நான் ஆளனுப்பி உங்களைக் கூப்பிடேல்லை.

யோகலிங்கம்: அதுதான் எனக்கும் விளங்கேல்லை. நான் எத்தினை தரம் வந்து படலையிலை தட்டியிருப்பன்? ஒருக்காலும் திறக்காத நீங்கள் இண்டைக்கு விடிய வெள்ளெனவே ஆளனுப்பியிருக்கிறியள். பிறகு கேட்டா, ஒண்டும் தெரியாது, மீன் சந்தையிலை வாங்கினது எண்டுறியள்.

குணேஸ்வரி: உங்களுக்கு எவ்வளவு தெரியும் எண்டு முதல் நான் அறியோணும். கதிரையிலை இருந்து சொல்லுங்கோ.

யோகலிங்கம்: நீங்களும் இருங்கோவன்.

குணேஸ்வரி: நான் இப்பிடியே நிக்கிறன்.

யோகலிங்கம்: அந்த அறைக் கதவைக் காவல் காக்கிறமாதிரி நிக்கிறியள். உள்ளை பகல்லை விளக்கெரியுது, கீழ் நீக்கலாலை தெரியுது. தேங்காயெண்ணெய் விக்கிற விலைக்கு...

குணேஸ்வரி: சாமி விளக்கு. நீங்கள் கதையைச் சொல்லுங்கோ.

யோகலிங்கம்: சரி. வள்ளம் கரைக்கு வந்தா, ஏலம் கூற முதல் என்ன செய்வினம்?

குணேஸ்வரி: இதென்ன, பள்ளிக்கூடமோ?

யோகலிங்கம்: சொல்லுங்கோவன்.

குணேஸ்வரி: ...கறிமீன் எடுத்து வைப்பினம்.

யோகலிங்கம்: ஆருக்கு?

குணேஸ்வரி: வள்ளத்துக்குச் சொந்தக்காரன்ரை வீட்டுக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே.

யோகலிங்கம்: இறக்கக்கண்டியிலை அபூதாஹிர் எண்டொரு ஆள் இருக்கிறார். மூண்டு வள்ளம் அவரின்ரை பேரிலை பதிஞ்சிருக்கு. முந்தி உங்கடை மனிசனிட்டைக் கூலிக்கு நிண்ட ஆள். நான் போய்க் கொஞ்ச நாள் காலமை காலமை கரையிலை இருந்தனான். வெயிலிலை தோல் உரிஞ்சதுதான் மிச்சம் எண்டு நினைச்சன். ஒரு நாள் கண்டன்... அபூதாஹிர் தன்ரை வீட்டுக் கறிக்கு ஏலத்திலை காசு குடுத்து மீன் வாங்கிறார். சொந்த வள்ளத்து மீனை விலைக்கு வாங்கிற மனிசனை நீங்கள் எங்கையாவது கண்டிருக்கிறியளோ? ஏலத்துக்கு முதல் எடுத்த கறிமீன் ஓலைப் பறியிலை பஸ் ஏறுது. நானும் பின்னாலை ஏறினன். அது வந்து இறங்கின படலை... இதுதான்.

குணேஸ்வரி: ஆம்பிளை இல்லாத வீடு. பழைய முதலாளி வீடு எண்டு இரக்கத்திலை தந்திருக்கலாம்.

யோகலிங்கம்: நானும் அப்பிடித்தான் நினைச்சன். அதாலைதான் கத்தியை எடுத்தனான்.

குணேஸ்வரி: கத்தியோ?

யோகலிங்கம்: பயப்பிடாதேங்கோ, பென்சில் சீவுற கத்தி. வள்ளத்தின்ரை பச்சைப் பெயின்ரைக் கொஞ்சம் சுரண்டிப் பாத்தன். அடியிலை சாம்பல் நிறம். போர்க்கப்பலுக்கு அடிக்கிற சாம்பல். இந்த ஊரிலை அந்தப் பெயின்ற் நேவி டொக்யார்ட்டிலை மட்டும்தான் இருந்தது. வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போகேக்கை மிஞ்சின டின்னுகளை வேலையாக்கள் தூக்கிக்கொண்டு போனவை. இண்டைக்கும் அவையின்ரை வீட்டிலை கட்டில், அலுமாரி, கோழிக்கூடு எல்லாம் அந்த நிறம்தான்.

குணேஸ்வரி: அவையின்ரை வீட்டு அலுமாரி நிறம் உங்களுக்கெப்பிடித் தெரியும்?

யோகலிங்கம்: ...கண்டிருக்கிறன். வேலையாலை எத்தினை வீட்டுக்குப் போறம்.

குணேஸ்வரி: ம்... பிறகு?

யோகலிங்கம்: பிறகென்ன. டொக்யார்ட் மூடேக்கை அந்த ஆக்களுக்குக் கையிலை கிடைச்ச காசை உங்கடை மனிசன் வாங்கினவர். வள்ளம் கட்டுவம், எல்லாருக்கும் பங்கு, இனி ஒருத்தனுக்கும் சலாம் போடத் தேவையில்லை எண்டு சொன்னவர். கட்டின கையோடை கொழும்பு பாங்கிலை கடனெடுத்து ஐஸ் மில் போட்டார். மில் விழுந்தது. பாங்க் வந்தது. வள்ளம் காணேல்லை. பிறகு ஆளையும் காணேல்லை... இந்தியாவுக்குத் தோணி ஏறிட்டார் எண்டு நீங்கள் சொன்னியள்.

குணேஸ்வரி: ஓம். சொன்னனான்.

யோகலிங்கம்: கிறேன் ஓட்டின கனகசுந்தரம் இப்ப இறங்குதுறையிலை கச்சான் கடலை விக்கிறார், தெரியுமோ? கப்பலைத் தூக்கின கை அம்மா அது. இப்ப பேணியாலை கச்சான் அளந்து கடதாசிச் சரைக்குள்ளை போடுது. எனக்கு அதைப் பாக்க ஏலாது.

குணேஸ்வரி: தெரியும். நான் அந்தப் பக்கம் போறேல்லை.

யோகலிங்கம்: எப்பிடிப் போவியள்? அவையளைப் பேய்க்காட்டிப் போட்டு...

குணேஸ்வரி: பேய்க்காட்டேல்லை! கட்டினவர். சொன்னபடி மூண்டு வள்ளமும் கட்டினவர். ஒரு பலகை குறைக்கேல்லை.

யோகலிங்கம்: அப்ப அந்த மூண்டும் அவரின்ரை எண்டு ஒத்துக்கொள்ளுறியள்.

குணேஸ்வரி: ...முதல் நான் ஒண்டு கேக்கோணும். வள்ளம் அகப்பட்டா ஆருக்குப் போகும்?

யோகலிங்கம்: கோட்டுச் செலவுக்கு. பிறகு பாங்குக்கு. மிச்சம் இருந்தா டொக்யார்ட் ஆக்களுக்கு.

குணேஸ்வரி: மிச்சம் இருக்குமோ?

யோகலிங்கம்: பொய் சொல்ல மாட்டன். இராது.

குணேஸ்வரி: அப்ப எனக்கு ஒரு வள்ளமும் தெரியாது. மீன் சந்தையிலை வாங்கினது. எழும்புங்கோ தம்பி.

யோகலிங்கம்: என்ன அம்மா இது...

குணேஸ்வரி: பாங்குக்குக் குடுக்கிறதெண்டா எனக்கு உங்களோடை கதையில்லை. எனக்கு இண்டைக்கு நேரமும் இல்லை.

யோகலிங்கம்: பொறுங்கோ, பொறுங்கோ. இன்னொரு வழி இருக்கு. வழி எண்டா... லேசில்லை. அந்த ஆக்களின்ரை காசு வேறை காசோடை கலக்காமல், அப்பிடியே மரமாகி, ஆணியாகி, வள்ளமாகினது எண்டு காட்டோணும். காட்டினா, வள்ளம் உங்கடை மனிசன்ரை சொத்தில்லை. அவையின்ரை சொத்து. அவர் வெறுமனே காவல்காரன். மற்ற ஆக்களின்ரை பொருளிலை பாங்க் எப்பிடிக் கை வைக்கிறது?

குணேஸ்வரி: முழுக்க அவையளுக்கோ?

யோகலிங்கம்: முழுக்க. நான் நேற்று ராவெல்லாம் இதைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். பெயின்ற் மட்டும் சாட்சிக்குக் காணாது அம்மா. காசு போன பாதையைக் கண்ட ஆள் வேணும். கோட்டிலை வந்து வாயைத் திறக்கிற ஆள்.

குணேஸ்வரி: அபூதாஹிர் கண்டவன். இப்ப வருவான்.

யோகலிங்கம்: அவர் ஏன் இஞ்சை வாறார்?

குணேஸ்வரி: கடைக்கு அனுப்பினனான்... இந்தா, படலைச் சத்தம் கேக்குது.

அபூதாஹிர்: அம்மா, வாங்கி வந்திருக்கன். மத்த வேலைக்கு ஆளுக்குச் சொல்லட்டா, இல்லாட்டி நானே போய்...

குணேஸ்வரி: அபூதாஹிர்! வீட்டிலை ஆள் இருக்கு. இவர்தான் கோட்டாலை வந்த யோகலிங்கம் ஐயா.

அபூதாஹிர்: ஆ... ஐயா. கரையில கண்டிருக்கன். தொப்பியப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. நாங்க யாரோ வெத்தில யாவாரி எண்டு நெனச்சம்.

யோகலிங்கம்: நல்ல காலம். கையிலை என்ன பார்சல்?

அபூதாஹிர்: இது... சும்மா சாமான் ஐயா.

யோகலிங்கம்: அவிழ்த்துக் காட்டுங்கோ.

அபூதாஹிர்: வேணாம் ஐயா. இது அப்படிச் சாமான் இல்ல.

யோகலிங்கம்: வள்ளக் காசு எண்டா எனக்குப் பாக்க உரிமை இருக்கு.

குணேஸ்வரி: காட்டு, அபூதாஹிர். ஒளிக்க என்ன கிடக்கு.

யோகலிங்கம்: அட... வேட்டி! புது வேட்டி. கற்பூரம், சாம்பிராணி... பொம்பிளை தனிய இருக்கிற வீட்டுக்குப் புது வேட்டியோ அம்மா?

குணேஸ்வரி: வெருகல் முருகனுக்கு நேத்திக்கடன்.

யோகலிங்கம்: நேத்தியோ. சரி சரி, நேத்தியாகவே இருக்கட்டும்.

அபூதாஹிர்: அம்மா, இவருக்கு இன்னும் நீங்க...

குணேஸ்வரி: ஐயாவுக்கு உன்னட்டை ஒரு விசயம் கேக்கோணுமாம். வள்ளத்தைப் பற்றி. உள்ளதைச் சொல்லு.

அபூதாஹிர்: ...வள்ளத்தயா? இண்டைக்கா?

குணேஸ்வரி: இண்டைக்குத்தான்.

யோகலிங்கம்: அபூதாஹிர், அந்த வள்ளம் மூண்டும் உங்கடையோ?

அபூதாஹிர்: நான் கள்ளன் இல்ல ஐயா.

யோகலிங்கம்: நான் அப்பிடிக் கேக்கேல்லை.

அபூதாஹிர்: பாங்க்காரன் வந்து பிடிச்சிருவான், ஒன்ட பேருல கொஞ்ச நாளைக்குக் கெடக்கட்டும் எண்டு மொதலாளி சொன்னாரு. பச்ச அடிச்சு, பேர அழிச்சு, இறக்கக்கண்டிக்குக் கொண்டு போன நான்தான். வள்ளத்துப் பங்குக் காச ஒரு சதம் நான் எடுத்ததில்ல. எல்லாம் இங்கதான் கொண்டு வந்த. மருந்து வாங்கவே...

குணேஸ்வரி: மருந்து எனக்கு. எனக்கு நெஞ்சு வருத்தம்.

யோகலிங்கம்: உங்களுக்கோ... ம். சொல்லுங்கோ அபூதாஹிர். டொக்யார்ட் ஆக்களின்ரை காசு முதலாளியின்ரை கைக்கு வந்து எங்கை போனது?

அபூதாஹிர்: கையில எங்க நிண்ட? மரக்காலையில வச்சுத்தான் குடுத்தாங்க. ஒவ்வொருத்தரும் துணியில முடிஞ்சுக்கிட்டு வந்து, மரத்தத் தட்டித் தட்டிப் பாத்து, அங்கயே மரம் வித்த ஹிஸ்புல்லா நானாட கையில எண்ணி வச்சாங்க. மொதலாளி அதத் தொடவே இல்ல. நான் தொட்டா என்ட காசு மாதிரி ஆகிரும், நீங்களே குடுங்க எண்டு சொன்னாரு.

யோகலிங்கம்: அப்பிடியே சொன்னவரோ? அந்த வசனத்தை?

அபூதாஹிர்: அல்லாவுக்காகச் சொல்றன் ஐயா. ஹிஸ்புல்லா நானா இன்னும் இருக்காரு. கேட்டுப் பாருங்க.

யோகலிங்கம்: இது காணும். இது நல்லாக் காணும்... பிறகு?

அபூதாஹிர்: வள்ளத்தத் தண்ணியில எறக்கின அண்டைக்குத் தள்ளினதும் அவங்கதான். சாம்பல் பெயின்ற் கொண்டு வந்து அடிச்சதும் அவங்கதான். பெயின்ரர் குலசிங்கத்தார்தான் வள்ளத்து மூக்குல பேர் எழுதினாரு. எழுதிட்டு நிண்டு அழுதாரு அந்த மனிசன்.

யோகலிங்கம்: ...ஓம்.

குணேஸ்வரி: என்ன தம்பி, முகம் ஒருமாதிரிப் போகுது?

யோகலிங்கம்: ஒண்டுமில்லை. வெக்கை.

அபூதாஹிர்: ஐயா, நான் கோட்டுல வந்து சொன்னா... என்னப் பிடிச்சு உள்ளுக்குப் போடுவாங்களா?

யோகலிங்கம்: நீங்களா வந்து சொன்னா அப்பிடி வராது. அதை நான் பாத்துக்கொள்ளுறன்.

அபூதாஹிர்: அதில்ல... ஊருல இப்ப என்ன வள்ளக்காரன் எண்டுதான் கூப்பிடுறாங்க. மகள் பல்கீஸுக்குக் கலியாணம் பேசினதும் அந்தப் பேருலதான். மூண்டு வள்ளத்துக்காரன்ட மகள் எண்டு. நாளைக்கு நான் வெறுங்கையோட நிண்டா, மாப்பிள வீட்டாக்கள் என்ன சொல்லுவாங்க?

குணேஸ்வரி: அபூதாஹிர்... நீ மாட்டன் எண்டா உன்னை மறிக்க எனக்கு வாயில்லை. எழுத்து உன்ரை பேரிலை. இனிக் கேக்கிறதுக்கும் ஆள் இல்லை. நீ வைச்சிருந்தா ஆருக்குத் தெரியும்?

அபூதாஹிர்: அப்படிச் சொல்லாதீங்க அம்மா. விடியக்காலையில பாத்திட்டுத்தானே வாறன். அதுக்குப் பிறகும் பொய் சொல்ல எனக்கு வாய் வராது.

யோகலிங்கம்: என்னத்தைப் பாத்தனீங்கள்?

அபூதாஹிர்: ...கடல. கடலத்தான் ஐயா.

யோகலிங்கம்: கடலைப் பாத்து ஞானம் வந்திட்டுதோ! சரி. எழுதுறன். நீங்கள் சொன்னபடி சொல்லுக்குச் சொல்லு எழுதுறன், வாசிச்சுக் காட்டுறன், பிறகு கையெழுத்துப் போடுங்கோ.

அபூதாஹிர்: கெதியா எழுதுங்க ஐயா. அங்கால வேல கெடக்கு.

குணேஸ்வரி: அவன் எழுத்தைப் போடட்டும். ஆனா தம்பி, என்னட்டை ஒரு நிபந்தனை இருக்கு.

யோகலிங்கம்: அதுதானே பாத்தன். சொல்லுங்கோ.

குணேஸ்வரி: இண்டைக்கே, வெயில் சாய முதல், நீங்கள் இறங்குதுறைக்குப் போய் டொக்யார்ட் ஆக்களுக்கு வாயாலை சொல்லோணும். வள்ளம் கிடைச்சிட்டுது, அது உங்கடைதான் எண்டு.

யோகலிங்கம்: கோட்டிலை கட்டளை வராமல் நான் அப்பிடிச் சொல்லக்கூடாது.

குணேஸ்வரி: கட்டளை பிறகு வரட்டும். அபூதாஹிர் எழுதித் தந்திட்டான், சோமசேகரத்தின்ரை பெண்சாதியும் ஓம் எண்டிட்டா எண்டு சொல்ல ஏலும்தானே?

யோகலிங்கம்: ...அதைச் சொல்ல ஏலும்.

குணேஸ்வரி: சொல்லிப்போட்டு அவையளை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ.

யோகலிங்கம்: இஞ்சையோ! இந்த வீட்டுக்கோ? அம்மா, சோமசேகரத்தின்ரை நிழலிலையும் மிதியன் எண்டு கோயிலிலை சத்தியம் பண்ணின ஆக்கள் அவை.

குணேஸ்வரி: தெரிஞ்சுதான் கேக்கிறன். நீங்கள் சொன்னா வருவினம்.

யோகலிங்கம்: நாளைக்கு, ஆறுதலாக் கதைச்சு...

குணேஸ்வரி: நாளைக்கு வந்து பிரயோசனம் இல்லை.

யோகலிங்கம்: ஏன், நாளைக்கு என்ன? அவையள் எல்லாரும் இஞ்சை முன்வளவிலை நிக்க, பின்வளவாலை ஏதும் வள்ளம் வெளிக்கிடுதோ?

குணேஸ்வரி: அப்பிடி ஒண்டும் வெளிக்கிடாது. என்னை நம்புங்கோ.

யோகலிங்கம்: கணக்கரைப் பாத்து நம்புங்கோ எண்டுறியள். சரி... போறன். அபூதாஹிர், இந்தாங்கோ பேனை. இஞ்சை வையுங்கோ.

அபூதாஹிர்: ...வச்சாச்சு. இனி நான் வள்ளக்காரன் இல்ல. அம்மா, நான் பின்னால நிக்கன். கூப்பிடுங்க.

குணேஸ்வரி: போ, அப்பன். பல்கீஸின்ரை காரியத்தை நானும் மறக்க மாட்டன்.

யோகலிங்கம்: அவரும் போயிட்டார். அம்மா, நான் எழும்ப முதல் ஒரு கதை.

குணேஸ்வரி: நேரம் போகுது தம்பி.

யோகலிங்கம்: என்ரை சட்டைப் பையிலை இன்னொண்டு கிடக்கு. நான் வந்ததிலையிருந்து அதை எடுக்கேல்லை. உங்கடை மனிசனைப் பிடிக்கச் சொல்லிப் பிடியாணை. சொத்து ஒளிச்ச குற்றம். அவர் இந்தியாவுக்குப் போகேல்லை. நீங்கள் பிறந்ததிலையிருந்து மீன் தொடாத ஆள் எண்டு அயலே சொல்லுது. அப்ப பாரை ஆருக்கு? மருந்து ஆருக்கு? அந்த வேட்டி ஆருக்கு? இவ்வளவு நேரமும் அந்தக் கதவிலை முதுகைச் சாய்ச்சுக்கொண்டு நிக்கிறியள். முந்தி ஒரு நாள் பின்னேரம் நான் படலையடியிலை நிண்டு இருமல் சத்தமும் கேட்டனான். பொம்பிளை இருமல் இல்லை அது.

குணேஸ்வரி: எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு வைச்சிருக்கிறியள்.

யோகலிங்கம்: அதுதானே என்ரை தொழில். ஆனா அம்மா, இதை நான் நீட்டப் போறேல்லை. காசும் கலக்கேல்லை, வள்ளமும் வந்திட்டுது. நெஞ்சு வருத்தக்காரனைக் கொண்டுபோய் மறியலிலை போட்டு எனக்கென்ன கிடைக்கப்போகுது? ஆளைக் காணக் கிடைக்கேல்லை எண்டு எழுதித் திருப்பிக் குடுத்திடுவன். நான் வந்த நேரத்திலையிருந்து அந்த மனிசன் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறார், பாவம். இனி இருமச் சொல்லுங்கோ அம்மா.

குணேஸ்வரி: அவர் விடியப்புறமே இருமலை விட்டிட்டார், தம்பி. நீங்கள் கண்டது தலைமாட்டு விளக்கு. வேட்டி குளிப்பாட்டி உடுத்திறதுக்கு. செத்த வீட்டிலை அடுப்பு மூட்டி உங்களுக்கு எப்பிடித் தேத்தண்ணி தாறது? வந்தவுடனை சொல்லியிருந்தா நீங்கள் இரக்கப்பட்டு, எல்லாம் முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடியப் பாப்பம் எண்டு எழும்பிப் போயிருப்பியள்; வள்ளம் அங்கையே கிடந்திருக்கும், இந்தப் படலைக்கு ஒரு காக்கையும் வந்திராது. பாங்குக்கு ஒளிக்க வெளிக்கிட்டு அவையளுக்கும் ஒளிச்சுப் போட்டம், வெக்கத்திலை பிறகு வாய் திறக்க ஏலாமல் போச்சு. என்னை ஆர் தூக்கப் போறான் குணம், என்னை ஆர் தூக்கப் போறான்... ராவு முழுக்க அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தவர். நீங்கள் பெயின்ரர் குலசிங்கத்தாரின்ரை மகன். கோட்டுக்குச் சொல்லாமல் மறைச்சிருப்பியள், ஆனா நீங்கள் முந்திப் படலையிலை தட்டேக்கையே நான் யன்னலாலை முகத்தைக் கண்டு அறிஞ்சிட்டன். அதாலைதான் வேறை ஆரையும் கூப்பிடாமல் உங்களைக் கூப்பிட்டனான். வள்ளம் இறக்கின அண்டைக்கு உங்கடை அப்பா கையிலை சாம்பல் பெயின்ரோடை இந்த வீட்டிலை இவரோடை இருந்து சாப்பிட்டவர். அவரை முதல் கூட்டிக்கொண்டு வாங்கோ. தூக்க நாலு பேர் வேணும். நான் இன்னும் அழேல்லை தம்பி, அழுதா அயலட்டை வந்திடும். நீங்கள் படலையைத் தாண்டின பிறகுதான் வாயைத் திறப்பன்... கெதியாப் போங்கோ.